பொட்டு சிஸ்டர்

"நாடிய இதுல வையுங்க. நெத்திய அந்தப் பட்டையில முட்டிக்கிடுங்க. எடது கண்ண மூடியாச்சு. நடுவுல ஒரு மஞ்ச வெளிச்சம் தெரியுதா? அத மட்டும் பாருங்க. சுத்துவட்டாரத்துல எங்கனயாச்சும் பொட்டு பொட்டா வெளிச்சம் வரும், போகும். வந்தா இந்தப் பட்டன அமுக்குங்க. அதத் தேடிப் போகாதீக. தேடுனா கெட்டுது."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கிருபாபாய் மோவாய்த் தாங்கியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, வந்தவரின் தோள் துண்டை வாங்கி நாற்காலி முதுகில் போட்டு, ஸ்டூலின் உயரத்தைத் திருகிச் சரிசெய்து, பட்டனை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்தும் விட்டிருப்பார். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது பேர். எல்லோருக்கும் இதே சொற்கள், இதே வரிசை. சலிக்காதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "எனக்குத்தான அண்ணாச்சி இருபதாவது தடவ? உக்காந்திருக்கவியளுக்கு மொதத் தடவல்ல" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண் மருத்துவமனையின் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த ஓர் அறை இவருடைய இடம். அங்கே இருக்கும் இயந்திரம் பார்ப்பதற்குப் பெரிய சோற்றுப் பானையைப் படுக்கவைத்து வாயை நம் பக்கம் திருப்பியதுபோல இருக்கும். உள்ளே முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையில் எங்கெங்கோ கடுகளவு வெளிச்சங்கள் தோன்றி மறையும். எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பதை வைத்து ஒருவருடைய பார்வை எவ்வளவு அகலம் என்று இயந்திரம் படம் வரைந்து கொடுத்துவிடும். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் பேரேடுகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். கண் பிரஷர் கொஞ்சம் கூடுதல் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேருந்து ஏறிவந்து இந்தப் பானைக்குள் தலையை நீட்டுகிறேன். ஏழு வருடப் பழக்கம்.

கிருபாபாய்க்கு வயது நாற்பத்தெட்டு. மம்சாபுரத்துக்காரர். வெளிர்நீலச் சேலை, கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி, இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். வாட்சின் முகத்தை உள்பக்கம் திருப்பித்தான் கட்டுவார். இருட்டில் அதன் மினுக்கம் உட்கார்ந்திருப்பவரை ஏமாற்றிவிடுமாம். கிறிஸ்தவ வீட்டுப் பெண், நெற்றியில் பொட்டு வைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் இவர் 'பொட்டு சிஸ்டர்'. கீழே டோக்கன் கொடுக்கிற பெண்ணே, "மாடியில பொட்டு சிஸ்டர்ட்டப் போங்க" என்றுதான் அனுப்பி வைக்கிறாள்.

பெயர்கள் இவர் மனதில் நிற்பதில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நிற்கிறது. "அந்த மேல் மூலை போன அக்கா வந்திருந்தாவ, சுந்தரபாண்டியத்துக்காரவிய" என்பார். "ரெண்டு கண்ணுலயும் வளையமாப் போன வாத்தியார்" என்பார். ஒவ்வொருவருக்கும் பார்வையில் எந்த இடம் இருண்டிருக்கிறதோ அதுதான் இவரைப் பொறுத்தவரை அவருடைய முகவரி. எனக்கு 'மூக்குப் பக்கம் லேசா' என்று பெயர். சந்தைக் கூட்டத்தில் என்னைப் பார்த்து அப்படிக் கூப்பிடாதவரைக்கும் எனக்குச் சம்மதம்.

இரண்டு பேருக்குச் சோதனை முடிந்தால் வெளியே வந்து மொட்டைமாடிப் படியில் நிற்பார். மேற்கே மலை தெரியும். இரண்டு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். யாராவது விசாரித்தால் விளக்கம் தயாராக இருக்கும். "கண்ணுக்குள்ள லென்சு இருக்குல்ல, கிட்டத்துல பாக்கும்போது அதச் சுத்தி இருக்க தசை இறுக்கிப் பிடிச்சு லென்சக் குண்டாக்கும். தூரத்தப் பாத்தாத்தான் தசை இளகும், லென்சும் தட்டையாகும். அதுக்கும் செத்த நேரம் லீவு குடுக்கணும்லா."

நோயாளிகளுக்குப் பாடம் எடுப்பது இவர் வேலையில் சேராது. ஆனாலும் எடுப்பார். வ. புதுப்பட்டியிலிருந்து வந்த விவசாயி ஒருவர், வலியே இல்லாத கண்ணுக்கு எதற்குச் சொட்டு மருந்து என்று சண்டைக்கு நின்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். "ஒங்க ஊர்ல கம்மா இருக்கா?" என்று ஆரம்பித்தார் கிருபாபாய். "கண்ணுக்குள்ளயும் ஒரு கம்மா இருக்கு. ஊத்து ஒரு பக்கம், மடை ஒரு பக்கம். எம்புட்டு ஊறுதோ அம்புட்டும் வடிஞ்சுக்கிட்டே இருக்கணும். மடை தூந்துபோச்சுன்னா தண்ணி ஏறும். கம்மான்னா கரை ஒடஞ்சிரும், ஊருக்கே தெரியும். கண்ணு ஒடையாது. பின்னால இருக்க நரம்பப் போட்டு அமுக்கிக்கிட்டே இருக்கும். அது வலிக்காது, செவக்காது. ஓரத்துல இருந்து ஒவ்வொரு நூலா அத்துக்கிட்டே வரும். அத்தது அத்ததுதான், எந்த டாக்டராலயும் முடிச்சுப் போட முடியாது. மிச்சம் இருக்கதக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து." புதுப்பட்டிக்காரர் மருந்துச் சீட்டை மடித்து மடியில் கட்டிக்கொண்டு போனார்.

எனக்கு நடந்த பாடம் வேறு. கோடு போட்ட நோட்டுத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், வலப்பக்கம் ஆறு விரல் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளியும் வைத்துக் கொடுத்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டுவரச் சொன்னார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் உள்ளே வந்தபோது புள்ளி காணாமல் போய்விட்டது. புள்ளி இருந்த இடம் வெறுமையாகவும் இல்லை. நோட்டின் கோடுகள் அந்த இடத்தின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தன.

"கண்ணுக்குள்ள பின்னால இருக்க தெரையிலதான் படம் விழுது, அதுவும் தலகீழா. அதுல நரம்பு வெளிய போற வாசல் ஒண்ணு இருக்கு. அந்த எடத்துல பாக்கதுக்கு ஒண்ணுமே கெடையாது. ஒங்களுக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது, டாக்டருக்கும் கெடையாது. ஆனா ஓட்டை இருக்கதாவே நமக்குத் தெரியாது. மூளை அக்கம்பக்கத்தப் பாத்து இட்டு நெரப்பிரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நோவு வந்து போன எடத்தையும் அது அப்படித்தான் நெரப்புது அண்ணாச்சி. அதான் பயமே. இருட்டாத் தெரிஞ்சா ஆளுக ஓடி வந்துருவாகளே" என்றார். அன்றிலிருந்து ஒரு வாரம் எதைப் பார்த்தாலும் இதில் எவ்வளவு என் கண் பார்த்தது, எவ்வளவு மூளை இட்டு நிரப்பியது என்ற சந்தேகத்தோடே திரிந்தேன். வீட்டில் திட்டு வாங்கியபின்தான் தெளிந்தது.

மம்சாபுரத்திலிருந்து கிருபாபாய் வேலைக்கு வருவது காலை எட்டேகால் மினி பஸ்ஸில். போன ஆடி மாதம்வரை அதை ஓட்டியவர் பால்ச்சாமி. ஐம்பத்து மூன்று வயது, இருபத்தாறு வருட அனுபவம். கிருபாபாய் வர இரண்டு நிமிடம் பிந்தினால் எஞ்சினை அணைக்காமல் நிற்பார். மழைநாளில் ஆஸ்பத்திரிச் சந்து முனைவரை வந்து இறக்கிவிடுவார். "ஏறு தாயி" என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. ஒன்பது வருடமாக அதே வண்டி, அதே முன்சீட்டு.

ஆனி மாதத்தில் ஒருநாள், பால்கேன் கட்டிய மொபெட் ஒன்றை உரசுகிற மாதிரி போய்ப் பிரேக் அடித்தார் பால்ச்சாமி. "எங்கிட்டிருந்து வந்தான்னே தெரியல" என்றார். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் ஓர் ஆடு. அப்போதும் அதே சொல். மூன்றாவது தடவை, ஊருக்குப் பிரியும் விலக்கில் பஸ்ஸுக்காக நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, வண்டி வந்த போக்கைப் பார்த்து, பையோடு பின்னால் குதித்தது. "எங்கிட்டிருந்து வந்துச்சுன்னே தெரியல, புள்ள" என்று பால்ச்சாமி வியர்வையைத் துடைத்தார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது பேச்சுவாக்கில் வந்த சொல். கிருபாபாய் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். மொபெட், ஆடு, பிள்ளை, மூன்றும் இடப்பக்கத்திலிருந்து வந்தவை. அந்தப் பிள்ளை புதிதாக வரவும் இல்லை, அசையாமல் அங்கேயேதான் நின்றிருந்தது.

அன்றே அவரைக் கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார். பால்ச்சாமி சிரித்துவிட்டார். "லைசென்சு புதுப்பிக்கையில கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன் தாயி. அட்டையில கீழ பொடியா இருந்த அச்சாபீசு பேரையும் சேத்து வாசிச்சேன்." நடுப்பார்வை நன்றாகத்தான் இருக்கும், கெடுவது ஓரம்தான் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நாள் தள்ளினார். முதலாளியிடம் சொல்லிவிடலாம், சொன்னால் சோதனைக்கு முன்பே ஆளை இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் வண்டியில் நாற்பது உயிர். கிருபாபாய் முன்சீட்டின் இடது ஓரத்துக்கு மாறிக்கொண்டு, "அண்ணாச்சி, சைக்கிளு", "அண்ணாச்சி, ஆச்சி ஒருத்தி" என்று குரல் கொடுத்தபடி எட்டு நாள் வந்தார். "கிளீனர் வேலைக்குச் சேந்துட்டீகளா சிஸ்டர்?" என்று பின்சீட்டில் கேலி பேசினார்கள். காலையில் அவர் இருந்தார், சரி. மற்ற நடைகளில் யார் இருந்தது? அதைக் கேட்டேன். "ஜெபந்தான் அண்ணாச்சி இருந்துச்சு. அது தப்புன்னு எனக்குத் தெரியும். மொத நாளே நான் வண்டிய மறிச்சிருக்கணும்" என்றார். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்புதான் என்று நானும் நினைக்கிறேன்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை, மதிய நடைக்கும் இரண்டரை மணி நடைக்கும் நடுவே பால்ச்சாமி வந்துவிட்டார். காக்கிச் சட்டை, பையில் வண்டிச் சாவி. டாக்டர் கண் அழுத்தத்தைப் பார்த்து, நரம்பைப் பார்த்து, உடனே மாடிக்கு அனுப்பியிருந்தார். எனக்கு அன்று முறை. அடுத்தது நான் என்பதால் அறை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மூக்குப் பக்கம் லேசாகப் போனவர் இருந்தால் பரவாயில்லை என்று பால்ச்சாமியும் ஒத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரி வெள்ளைத்தாய்ட்டச் சொல்லாமத்தான் வந்திருக்கேன்" என்றார். "சொன்னா சாவிய வாங்கி ஒளிச்சு வச்சிருவா. என்ன ஏதுன்னு நீயே சொல்லிரு தாயி. டாக்டர் சொன்னா பாதி புரியாது, பாதி பயமாயிரும்."

"நானே சொல்லுதேன் அண்ணாச்சி. நாடிய இதுல வையுங்க" என்றார் கிருபாபாய்.

சோதனை அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து நான் பார்த்ததில்லை. இயந்திரம் வெளிச்சத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும்போது உள்ளே கிர்ரென்று மெல்லிய ஒரு சத்தம் வரும். அடுத்த நொடி பால்ச்சாமியின் பட்டன் டக்கென்று ஒலிக்கும். கிர், டக். கிர், டக். ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டு கண்ணும் முடிந்தது. மனுசன் தப்பித்தார் என்று நிம்மதியானேன். கிருபாபாய் தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"எல்லாத்துக்கும் அமுக்கியிருக்கீக அண்ணாச்சி."

"பின்ன?"

"நரம்பு வாசல்லயும் அமுக்கியிருக்கீக. அங்க யாருக்குமே தெரியாது. மெசினு சத்தத்த மட்டும் போட்டுட்டு வெளிச்சமே காட்டாமச் சோதிச்சுப் பாத்திருக்கு. அப்பவும் அமுக்கியிருக்கீக."

பால்ச்சாமி பட்டனைக் கீழே வைத்தார். "ஏமாத்தணும்னு இல்ல தாயி" என்றார். "இருபத்தாறு வருசமா வண்டியக் காதாலதான் ஓட்டுதேன். எந்த ஸ்பிரிங்குப் பட்டை ஒடையப் போவுது, எந்தச் சக்கரத்துல காத்து கொறையுதுன்னு சத்தத்துலயே சொல்லிருவேன். இங்க சத்தம் வருது, வெளிச்சத்தக் காணோம். சத்தம் வந்தா வெளிச்சம் வந்திருக்கும்ல, நமக்குத்தான் பிந்துது போலன்னு அமுக்கிட்டேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. தெரியாத வெளிச்சத்தைக் காதை நம்பித் தெரிந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறார். சாலையிலும் எத்தனை நாளாக இப்படித்தான் ஓட்டினாரோ.

இப்படிச் சோதனை கெட்டுப்போனால் இன்னொரு நாள் வரச் சொல்வதுதான் வழக்கம். கிருபாபாய் வாட்சைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றேமுக்கால். "இன்னொரு நாள்னா ரெண்டரைக்கு நீங்க வண்டி எடுப்பீக" என்றார். "பத்து நிமிசம் கண்ண மூடி இருங்க. திரும்பவும் பாப்போம்."

கிருபாபாய் அவர் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். "கேக்குது தாயி" என்றார் பால்ச்சாமி, குற்றம் செய்தவர்போல. கிருபாபாய் யோசித்தார். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பால்ச்சாமியின் பின்னால் போய் நின்றார்.

"அண்ணாச்சி, நான் ஒங்க காதப் பொத்திக்கிடட்டா?"

பத்தொன்பது வருட வேலையில் தாங்கிக்கும் பட்டனுக்கும் அப்பால் அவர் எந்த ஆணையும் தொட்டு நான் கேள்விப்பட்டதில்லை. பால்ச்சாமி பானைக்குள் முகத்தை வைத்தபடியே, "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா பொத்த மாட்டாளா. பொத்து" என்றார்.

பஞ்சு வைத்த இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் அழுத்தி மூடிக்கொண்டு, நின்றவாக்கிலேயே திரையைப் பார்க்கும்படி கிருபாபாய் சாய்ந்து நின்றார். நான் எழுந்து போய் இயந்திரத்தில் அவர் சொன்ன பொத்தானை அழுத்தினேன். வலது கண்ணில் தொடங்கியது. கிர், டக். கிர், டக். கிர். பட்டன் பேசவில்லை. கிர். பேசவில்லை. பிறகு ஒரு டக். மூக்குப் பக்கம், அதாவது இடப்பக்கம், ஓரமாகத் திரையில் கறுப்புக் கட்டங்கள் விழத் தொடங்கின. கண் மாற்றிக் கட்டிவிட்டு மறுபடி காதைப் பொத்தினார். இடது கண்ணுக்கு முதலில் நாலைந்து முறை டக் கேட்டது, எல்லாம் நடுவில். அதன்பின் கிர், கிர், கிர் என்று இயந்திரம் ஒவ்வோர் இடமாகப் போய் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் வந்து போவது சத்தத்தை வைத்து எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. திரையின் ஒரு மூலையில் அவருடைய கண் பெரிதாகத் தெரிந்தது. அப்படி இப்படி அலையாமல், சொன்னபடி நடுவையே பார்த்துக்கொண்டு இருந்தது.

கிருபாபாயின் கன்னத்தில் ஈரம் இறங்கி நாடியில் நின்றதைப் பார்த்தேன். துடைக்கக் கை இல்லை. சேலையின் முன்மடிப்பில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தொண்டையைக்கூடச் செருமாமல் நின்றார். இந்த அறையில் இருண்ட படங்களைத் தினமும் பார்க்கிறவர் அவர். ஆனால் ஒன்பது வருடம் அந்த இருட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

இயந்திரம் டிங்கென்று முடிந்தது. சத்தம் நின்றது. திரையில் நடுவே ஒரு கைப்பிடி வெளிச்சம், சுற்றிலும் கறுப்பு. கீழே தெருவில் ஏதோ பேருந்து திருப்பத்துக்கு ஹாரன் அடித்துப் போனது. பால்ச்சாமிக்கு எதுவும் கேட்கவில்லை. விரலைப் பட்டனில் வைத்தபடி, முகத்தை அசைக்காமல், வெளிச்சம் வருமென்று காத்திருந்தார். கிருபாபாய் அவர் காதுகளிலிருந்து கையை எடுக்கவில்லை.